அசென்சன் கப்பல் பறவை: இழந்த தீவுக்குத் திரும்பிய வரலாறு

அசென்சன் கப்பல் பறவை என்பது தென் அத்திலாந்திக் பெருங்கடலிலுள்ள அசென்சன் தீவுப் பகுதியில் மட்டுமே இனப்பெருக்கம் செய்யும் கடற்பறவை ஆகும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை 'அழிவாய்ப்பு இனம்' என வகைப்படுத்தியுள்ளது. விரித்த இறக்கைகளின் அகலம் ஏறத்தாழ 2 மீட்டர். இவ்வளவு பெரிய பறவையை அதன் சொந்தத் தீவிலிருந்தே விரட்டியவை வீட்டுப் பூனைகளின் வழிவந்த காட்டுப் பூனைகள்.

தீவும் பறவையும்

ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 1,600 கி.மீ. தொலைவில் உள்ள எரிமலைத் தீவு அசென்சன். மனிதர் குடியேறும் முன்பு அங்கு இரைகொல்லும் பாலூட்டி எதுவும் இல்லை. மற்றக் கப்பல் பறவைகள் பெரும்பாலும் மரங்களிலும் புதர்களிலும் கூடு கட்டும். இப்பறவையோ வெறும் பாறைத் தரையில் ஒரே ஒரு முட்டை இடும். எதிரி இல்லாத வரை இந்தப் பழக்கத்தால் தீங்கு நேரவில்லை. 1758இல் லின்னேயஸ் இப்பறவைக்கு அறிவியல் பெயர் சூட்டினார்.

பூனைகளின் வருகை

1815இல் நெப்போலியன் செயின்ட் எலனா தீவில் சிறை வைக்கப்பட்டார். அவரை மீட்க யாரும் அசென்சனைப் பயன்படுத்திவிடக் கூடாது என்று பிரித்தானியர் அங்கே காவற்படையை நிறுத்தினர். எலிகளை ஒழிக்கப் பூனைகளும் கொண்டுவரப்பட்டன. 1836இல் சார்லஸ் டார்வின் அங்கு வந்தபோது அப்பூனைகள் பெருகிப் பெருந்தொல்லையாகிவிட்டதைக் குறித்து வைத்தார்.

தரையில் இருந்த குஞ்சுகள் பூனைகளுக்கு எளிதில் இரையாயின. நாளடைவில் முதன்மைத் தீவில் கப்பல் பறவையின் கூடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. கரைக்கு அப்பால் சுமார் 250 மீட்டர் தொலைவில் செங்குத்தான போசன் பறவைத் தீவு உள்ளது. பரப்பளவு ஏறத்தாழ 5 ஹெக்டேர்தான். பூனைகளால் கடக்க முடியாத அந்தச் சிறு கடல் இடைவெளிதான் இவ்வினத்தைக் காப்பாற்றியது.

மீட்பு முயற்சி

2002இல் பிரித்தானியாவின் பறவைகள் பாதுகாப்புக்கான அரச கழகம் காட்டுப் பூனைகளை அகற்றும் பணியைத் தொடங்கியது. 2004க்குப் பின் அவை தென்படவில்லை. 2006இல் காட்டுப் பூனைகள் இல்லாத தீவாக அசென்சன் அறிவிக்கப்பட்டது. இதற்குத் தீவு மக்களும் விலை கொடுத்தனர். வீட்டுப் பூனைகளுக்கு அடையாளமிட்டு, கருத்தடையும் செய்திருந்தார்கள். ஆயினும் அவற்றுள் பல தவறுதலாக இறந்துபோயின.

முகமூடிக் கடற்பறவை போன்றவை விரைவில் கரை திரும்பின. கப்பல் பறவையோ பிறந்த இடத்தை எளிதில் மாற்றாது; ஆண்டுகள் கடந்தன. 2012 இறுதியில் முதன்மைத் தீவில் அதன் கூடுகள் இரண்டு காணப்பட்டன. டார்வின் வந்து சென்று ஏறக்குறைய 180 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்றைய நிலை

அதன்பின் முதன்மைத் தீவில் கூடுகளின் எண்ணிக்கை உயர்ந்துள்ளது. இருப்பினும் இவ்வினத்தின் பெரும்பகுதி இன்றும் அந்தச் சிறு பாறைத் தீவையே நம்பியுள்ளது. அங்கு ஒரு பேரிடர் நேர்ந்தால் இனமே ஆட்டம் காணும். ஆகவே முதன்மைத் தீவில் சேரும் ஒவ்வொரு கூடும் ஒரு காப்பு.

உணவுக்கும் பாதுகாப்பு தேவை. சூரை மீன்கள் துரத்தும்போது மேலெழும் சிறு மீன்களைக் கப்பல் பறவை பறந்தபடியே கவ்வும். அதன் இறகுகள் நீரில் நனைந்துவிடும் என்பதால் கடலில் இறங்காது. எனவே சூரை குறைந்தால் இதன் இரையும் எட்டாமல் போகும். 2019இல் தீவைச் சுற்றியுள்ள 4,40,000 சதுர கி.மீ.க்கும் மேற்பட்ட கடற்பரப்பு பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. காவற்படையினர் பூனைகளை இறக்கியது சில நாள் வேலை. அதன் விளைவை நீக்க இரு நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.