செம்புத் தகட்டில் சூனியக்காரர்கள்

அரண்மனைக் கூரைகளில் ஒளி ததும்பும் வானத்தையும் அதில் மிதக்கும் தேவர்களையும் தீட்டிப் புகழ்பெற்றவர், வெனிஸ் நகரத்து ஓவியர் ஜாம்பத்திஸ்தா தியெப்போலோ (1696–1770). அவரே செம்புத் தகடுகளில் வரைந்த படங்களைக் காண்போர் திகைப்பர். 'கப்ரிச்சி' என்னும் தொகுதியில் 10 படங்கள். 'ஸ்கெர்ஸி' என்னும் தொகுதியில் 23 படங்கள்.

இவை அமிலம் செதுக்கிய ஓவியங்கள். வழவழப்பான செம்புத் தகட்டில் மெழுகும் பிசினும் கலந்த பூச்சைத் தடவுவர். ஓவியர் அதன்மேல் ஊசியால் கீறுவார். கீறிய இடத்தில் செம்பு வெளிப்படும். நைட்ரிக் அமிலம் அந்தக் கோடுகளை மட்டும் அரித்துக் குழியாக்கும். பூச்சை நீக்கி, குழிகளில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் கிடைக்கும், இடம் வலமாக மாறி! செம்பை உளியால் வெட்டும்போது கை தயங்கும். மெழுகிலோ ஊசி பேனாவைப்போல் ஓடும். தியெப்போலோவின் கோடுகள் துள்ளுவது இதனால்தான்.

அக்கோடுகள் காட்டுவன யாவை? நீண்ட தாடி முதியவர்கள் பலிபீடத்தைச் சூழ்ந்து நிற்கின்றனர். பாம்பு நெளிகிறது, மனிதத் தலையொன்று எரிகிறது, ஆந்தைகள் விழிக்கின்றன. ஒரு படத்தில் எலும்புக்கூடாகிய மரணமே அமர்ந்து, கூடியிருப்போருக்குப் புத்தகம் வாசிக்கிறது! இன்னொன்றில், நாடகக் கோமாளி புல்சினெல்லாவின் கல்லறையைக் கண்டுபிடிக்கின்றனர்.

வெறும் விளையாட்டா இது? அக்காலத்தை நோக்குவோம். 1749-இல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில், மரியா ரெனாட்டா என்னும் முதிய கன்னித்துறவியைச் சூனியக்காரி என்று கூறித் தலையை வெட்டி, உடலை எரித்தனர். அதே ஆண்டில் இத்தாலியில் அறிஞர்களிடையே பெரும் வாதம் மூண்டது. சூனியக்காரிகளின் இரவுக் கூட்டம் பொய், ஆயினும் மந்திரக்கலை உண்டு என்றார் தர்த்தரோத்தி. இரண்டுமே பொய் என்றார் வெரோனா நகரத்து மாஃபேய். இவருடைய நூலுக்கு முன்பே படம் வரைந்து கொடுத்தவர் தியெப்போலோ! 1750-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் வூர்ஸ்பர்க்குக்கே சென்று, ஆயர் இளவரசரின் அரண்மனையில் ஓவியம் தீட்டினார்.

அவர் எப்பக்கம் நின்றார் என்பதைப் படங்கள் சொல்லவில்லை. அவருடைய மந்திரவாதிகள் எதையும் சாதிப்பதில்லை. உற்றுப் பார்க்கின்றனர், அவ்வளவே. அந்த வெறும் பார்வையை ஏளனம் என்றே நான் கொள்கிறேன்; மறுப்பாரும் உளர்.

'ஸ்கெர்ஸி' தொகுதியை அவர் உயிரோடிருந்தபோது வெளியிடவில்லை. மாட்ரிட் நகரில் அவர் 1770-இல் இறந்த பின்னரே, மகன் டொமினிக்கோ அதை வெளியிட்டார். அதே நகரில், 1799-இல், ஸ்பானிய ஓவியர் கோயா 80 அமில ஓவியங்களை விற்பனைக்கு வைத்தார். அவற்றிலும் சூனியக்காரிகள் பறந்தனர்.