கறிவேப்பிலையில் புழுவா? மருந்தடிக்கும் முன் இதைப் படிங்க

மலேசியாவில் இலையுதிர்காலம் கிடையாது. ஆனால் செப்டம்பர், அக்டோபரில் சாயங்கால இடிமழை வலுக்கும்போது, அம்பாங்கில் உங்கள் வீட்டு வாசல் பூச்சட்டிகளைக் கொஞ்சம் கவனிங்க.

முதலில் கறிவேப்பிலை. மழைக்குத் துளிர்க்கும் இளந்தளிரில்தான் கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று முட்டையிடும். தமிழில் கறிவேப்பிலை அழகி, ஆங்கிலத்தில் காமன் மோர்மன். குட்டிப் புழு பார்க்க அச்சு அசல் பறவை எச்சம்! வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கொம்பை நீட்டி, நாற்றம் விடும். பயப்படாதீங்க, கடிக்காது. முட்டையிலிருந்து இறக்கை முளைக்க ஏறக்குறைய ஒரு மாதம்தான். இலை போனாலும் செடி மறுபடி துளிர்க்கும். குழம்பில் போடும் இலைக்கு மருந்து எதற்கு?

திடலுக்கு மேலே ஓயாமல் சுற்றும் மஞ்சள் தும்பிகளையும் பார்த்திருப்பீங்க. இந்த இனம் இந்தியாவிலிருந்து மாலைத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை கடல் தாண்டுகிறது என்று 2009-இல் சார்ல்ஸ் ஆண்டர்சன் எழுதினார்.

தும்பியின் இளம்பூச்சி தண்ணீரில் வளர்ந்து, கொசுப்புழுக்களைத் தின்னும். அதற்காக டிங்கி பயம் போச்சு என்று இருந்துவிட முடியாது. ஏடிஸ் கொசுவுக்குப் பூச்சட்டித் தட்டில் தேங்கும் கொஞ்சம் தண்ணீரே போதும். ஒரு வாரம், பத்து நாளில் பறந்துவிடும். தும்பி வளர அந்த அவகாசம் பத்தாது.

புகையடித்தால் பறக்கும் கொசுதான் சாகும், தண்ணீரில் உள்ள புழு தப்பிவிடும். கூடவே வண்ணத்துப்பூச்சியும் தும்பியும் மாட்டிக்கொள்ளும். அதனால் வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்க. கறிவேப்பிலையில் ஒரு கிளையை மட்டும் புழுவுக்கு விட்டு வைங்க.