மடிக்கணினி பராமரிப்பு

மடிக்கணினி பராமரிப்பு என்பது மடிக்கணினியைப் பழுதாகாமல் பேணுவதையும், பழுது நேர்ந்தால் அதன் காரணத்தைக் கண்டறிவதையும் குறிக்கும். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் இக்கருவியைப் பெற்றனர். இதனால் கடலூர் மாவட்டத்தின் கம்மாபுரம் போன்ற ஊர்களிலும் இவ்வறிவு தேவையாயிற்று.

வெப்பமும் தூசியும்

காற்றுத் துளைகள் பெரும்பாலும் அடிப்பகுதியில் உள்ளன. மெத்தை மீது வைத்தால் அவை அடைபட்டுக் கணினி சூடாகும். சூடு மிகும்போது செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனவே கணினி மெதுவாக இயங்குவதற்கு விசிறியில் படிந்த தூசியும் காரணமாகலாம்.

மின்கலம்

இலித்தியம் அயனி மின்கலம் மிகுந்த வெப்பத்தாலும், முற்றிலும் வடிந்த நிலையில் நெடுநாள் கிடப்பதாலும் கெடும். பயன்படுத்தாத காலத்தில் ஏறத்தாழ 50% மின்னேற்றத்துடன் வைக்கலாம். உப்பிய மின்கலம் தீப்பற்றக்கூடும். அதை அழுத்தவோ மின்னேற்றவோ கூடாது.

பழுதறிதல்

* திரை இருண்டிருந்தால் வெளித்திரை ஒன்றை இணைத்துப் பார்க்கலாம். அதில் படம் தெரிந்தால், குறை கணினியின் திரையிலோ அதன் இணைப்பிலோ இருக்கலாம்.
* நீர் சிந்தினால் உடனே மின்னிணைப்பைத் துண்டித்து, கணினியை அணைக்க வேண்டும். நன்கு உலரும் முன் இயக்கக் கூடாது.
* வன்தட்டில் 'டிக் டிக்' என ஒலி கேட்டால், முதலில் கோப்புகளைப் படியெடுக்க வேண்டும். வன்தட்டு செயலிழந்தபின் அவற்றை மீட்பது கடினம்.