நல்லெண்ணெயில் வந்த நஞ்சு

இலங்கையின் மத்திய மலைநாட்டுக்குக் கொழும்பிலிருந்து ஏறிச் செல்லும் பெருந்தெரு, அவிசாவளையையும் கித்துல்கலையையும் கடந்து, கினிகத்தேனைக் கணவாயின் வழியே தேயிலை நாட்டினுள் புகுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று வந்து மோதும் மலைமுகம் அது. அதனை அடுத்துள்ள வட்டவளை, இத்தீவில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஹற்றன், டிக்கோயா, மஸ்கெலியா ஆகிய பகுதிகளின் தோட்டங்களுக்கு வேண்டிய அரிசியும் மாவும் கருவாடும் மண்ணெண்ணெயும் இத்தெருவில் லொறிகளிலும், நாவலப்பிட்டி வழியாகப் புகையிரதத்திலும் மேலேறிச் சென்றன. தேயிலை நட்ட மண்ணில் உணவுப் பயிருக்கு இடமேது? தோட்டத்து மக்கள் உண்டவற்றுள் பெரும்பகுதி, எங்கோ நிரப்பப்பட்டு, யாரோ ஏற்றி இறக்கி, கடைக்கு வந்து சேர்ந்ததாகவே இருந்தது. பின்னர் நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ள இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

தென்னிந்தியாவிலிருந்து கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் வந்து குடியேறிய இம்மக்கள், தங்கள் ஊர்வழக்கங்களை லயத்துக் காம்பராவுக்குள்ளும் காத்து வந்தனர். அவற்றுள் ஒன்று, பெண்பிள்ளை பெரியவளாகும் காலத்தில் அவளுக்கு ஊட்டும் உணவு. பச்சை முட்டையும் உளுந்துக்களியும் நல்லெண்ணெயும் அப்பிள்ளைக்குக் கொடுப்பர். இடுப்பெலும்பு வலுப்பெறும், உடல் தேறும் என்பது முதியோர் நம்பிக்கை. பிள்ளை பெற்ற தாய்க்கும் நல்லெண்ணெய் உண்டு. அன்றாடச் சமையலுக்குத் தேங்காய் எண்ணெயே போதும். நல்லெண்ணெய் விலை கூடியது. ஆகவே தகப்பன் கடைக்குச் சென்று வாங்கி வரும் அந்தப் போத்தல் வீட்டில் எல்லார்க்கும் உரியதன்று. தனியே ஒதுக்கி உட்கார வைக்கப்பட்ட அந்த ஒரு பிள்ளைக்கே உரியது. குறைந்த கூலியில் வாழ்ந்த குடும்பங்கள் மகளுக்காகச் செய்த செலவு அது.

1977, 1978 ஆகிய ஆண்டுகளில் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த இளம்பெண்கள் இருபதுக்கு மேற்பட்டோர் கால் கை விழுந்து நோயுற்றனர். அவர்கள் ஒரே தோட்டத்தவர் அல்லர். வெவ்வேறு பகுதிகளைச் சேர்ந்தவர்கள். முதலில் கெண்டைக்காலில் நோவு. பின்னர் விரல்களில் விறைப்பு. அதன்பின் பாதம் தூக்க இயலாது தொங்கிற்று. நடக்கும்போது முழங்காலை உயர்த்தி, பாதத்தை எறிந்தாற்போல் வைக்க நேர்ந்தது. சிலருக்கு மணிக்கட்டும் தளர்ந்தது. கொழுந்து பறிக்கும் வேலையில் மலைச்சரிவில் ஏறி இறங்கும் காலும், இலையைக் கிள்ளும் விரலுமே ஒரு பெண்ணின் முதல் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்நோய் அக்குடும்பங்களுக்கு என்ன பொருள் தந்திருக்கும் என்பது விளங்கும்.

காலமும் கொடியதாயிருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களின் மக்களும் பேரர்களும் இவர்கள். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, தோட்டந்தோட்டமாகக் குடும்பங்கள் பிரிந்து கப்பலேறிக்கொண்டிருந்தன. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 ஆகஸ்டில் எழுந்த வன்செயல் தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. இத்தனைக்கும் இடையில் இருபது முப்பது சிறுமியர் நடக்க இயலாது போனது ஒரு செய்தியாகாமலே மறைந்திருக்கக் கூடும். அவ்வாறு மறையாமைக்குக் காரணம், அவர்களைப் பரிசோதித்த வைத்தியர்கள் கேட்ட கேள்விகளே.

பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் நிமல் சேனநாயக்க அவர்களும், சமூக மருத்துவத்திலும் தொழில்சார் நோய்களிலும் வல்லவரான ஜே. ஜெயரத்தினம் அவர்களும் இந்நோயை ஆராய்ந்தனர். இளம்பிள்ளைவாதம் போன்ற தொற்றுநோயாயின் அது ஆண் பெண் என்று பார்ப்பதில்லை. பூப்பெய்தினாளா என்று விசாரித்து வருவதுமில்லை. அண்ணன் தம்பியர் நலமாயிருக்க, இந்தப் பருவத்துப் பெண்களை மட்டும் ஒரு நோய் தேடிப் பிடிக்குமாயின், அப்பருவத்துப் பெண்ணுக்கு மட்டும் உரியது எது என்று தேட வேண்டியதாகின்றது. விடை நல்லெண்ணெய்ப் போத்தலில் இருந்தது. எண்ணெயைச் சோதித்தபோது, ட்ரைகிறெசைல் பொஸ்பேற்று என்னும் இரசாயனப் பொருள் அதனுட் கலந்திருந்தமை புலனாயிற்று. அது உணவுப் பொருளன்று. பிளாஸ்டிக்கை இளக்குவதற்கும், இயந்திர எண்ணெய்களுக்கு உறுதி சேர்ப்பதற்கும் பயன்படுவது. முன்பு கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்தமையால் இக்கலப்பு நேர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர். அவர்களது கட்டுரை 1981இல் இலண்டனிலிருந்து வெளிவரும் லான்செற் மருத்துவ இதழில் வெளியாயிற்று.

இந்த நஞ்சின் வரலாறு நீண்டது. ஐக்கிய அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையிலிருந்த காலத்தில், இஞ்சிச் சாறு மருந்தென்ற பெயரில் விற்கப்பட்டது. அதில் சாராயச் சத்து மிகுதி. ஏழைகள் அதனையே குடித்தனர். குடிக்க இயலாதபடி அதிற் கரைந்த பொருள் இவ்வளவு இருத்தல் வேண்டும் என்று அரசாங்கம் விதித்தது. அந்தச் சோதனையை ஏமாற்றுதற்கென, மணமும் சுவையும் காட்டாத இந்த எண்ணெய்ப் பொருளைச் சில வியாபாரிகள் சேர்த்தனர். 1930இல் பல்லாயிரவர் கால் விழுந்தனர். ஐம்பதினாயிரம் வரை இருக்கலாம் என்ற மதிப்பீடும் உண்டு. அவர்களது நடையைக் குறித்து நாட்டுப்பாடல்களே அங்கு எழுந்தன. அவ்வாண்டிலேயே அமெரிக்க அரசாங்கச் சுகாதார சேவையைச் சேர்ந்த மொறிஸ் சிமித், எலியாஸ் எல்வோவ் என்னும் இருவர் நஞ்சினை இனங்கண்டனர். குற்றவாளி யார் என்பது உலகுக்குத் தெரிந்துவிட்டது. ஆயினும் 1937இல் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில், அழுக்கடைந்த பீப்பாய்களில் வந்த சமையல் எண்ணெயால் அதே நோய் தோன்றிற்று. 1959இல் மொறோக்கோ நாட்டின் மெக்னெஸ் நகரிலும் அயலிலும் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் பாதிக்கப்பட்டனர். அங்கே கழிவுப் பொருளாக விற்கப்பட்ட விமான எண்ணெயை வியாபாரிகள் சமையல் எண்ணெயோடு கலந்திருந்தனர்.

மெக்னெஸில் நடந்தது பேராசை. மலைநாட்டில் நடந்தது, ஆய்வாளர் கருத்துப்படி, அசட்டை. நோயுற்ற பிள்ளைக்கு இவ்விரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்று சொல்லலாம். ஆனால் தடுப்பவருக்கு வேறுபாடு உண்டு. பீப்பாயைக் கழுவுதலும் சோதித்தலும் எளிய காரியங்கள். படித்தவர் சிலர், இதனைக் கேட்டவுடன் மூட வழக்கத்தின் விளைவு என்று கூறிவிடுவர். அது நேர்மையான தீர்ப்பன்று. எள்ளில் ஆட்டிய நல்ல எண்ணெய் எந்தப் பிள்ளையையும் முடமாக்கியதில்லை. வழக்கத்தின் குற்றம் ஏதுமிருப்பின், நஞ்சு கலந்த எண்ணெயை வீடு முழுவதும் சிறிது சிறிதாகப் பகிர்ந்து உண்ணாமல் ஒரு பிள்ளைக்கே முழுவதும் ஊட்டச் செய்ததுதான்.

இந்நஞ்சு உடலில் செய்வது என்ன? உண்டவுடன் பெரிதாக ஒன்றும் தோன்றாது. பத்து நாள், இருபது நாள் கழித்தே கால் தளரும். ஆகவே உண்டதையும் நோயையும் இணைத்துப் பார்க்க எவர்க்கும் தோன்றுவதில்லை. நரம்புக் கலங்களில் உள்ள ஒரு நொதியத்தை இந்தப் பொருள் பற்றிக்கொள்கின்றது. 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் எம். கே. ஜோன்சன் நடத்திய ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்கியது. அதன் பின் நரம்பிழை நுனியிலிருந்து பின்னோக்கிப் பட்டுப்போகின்றது. இழை எவ்வளவு நீளமோ அவ்வளவு விரைவில் கேடு. பாதத்துக்குச் செல்வனவே உடலில் மிக நீண்டவை. கால் கைகளின் வெளி நரம்புகள் மெல்ல மெல்ல மீண்டும் வளரும் ஆற்றல் உடையன. முள்ளந்தண்டினுள் இறங்கும் மூளைவழி நார்களுக்கு அந்த ஆற்றல் இல்லை. எனவே நோயாளியின் தளர்ச்சி குறையும்போது, அதுவரை மறைந்திருந்த விறைப்பு வெளிப்படுகின்றது. சேனநாயக்க அவர்கள் இப்பெண்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தார். நோயைக் கண்டுபிடித்ததனோடு கைகழுவாமல், நோயாளியை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த இந்தப் பொறுமை, கண்டுபிடிப்பினும் அரிது.

லான்செற்றில் கட்டுரை வெளிவந்து ஏழாண்டு கழித்து, 1988இல், கல்கத்தாவின் பெஹாலாப் பகுதியில் கடுகெண்ணெய் வகையொன்றை உண்டவர் நூற்றுக்கணக்கில் கால் விழுந்தனர். அதே நஞ்சுதான்.

இதற்கிடையில் இலங்கையில் இந்த இரசாயனக் குடும்பத்தின் வேறு உறுப்பினர் வயலுக்கும் தோட்டத்துக்கும் வந்துவிட்டனர். சேதனப் பொஸ்பரசுச் சேர்வைகள் எனப்படும் பூச்சிகொல்லிகள் அவை. ஜேர்மனியில் கெர்காட் சிறாடர் என்பவர் 1930களில் பூச்சி மருந்து தேடுகையில் போர்க்கள நச்சுவாயு ஒன்றைக் கண்டார். பரத்தியோன் என்னும் பூச்சிகொல்லியும் அவர் ஆக்கியதே. அவை நரம்புக்கும் தசைக்குமிடையே செய்தி கடத்தும் ஒழுங்கைக் குலைக்கின்றன. அவ்வொழுங்கு பூச்சிக்கும் மனிதனுக்கும் பொதுவானது.

நல்லெண்ணெயை ஆராய்ந்த அதே ஜெயரத்தினம் அவர்கள் தம் துணைவரோடு 1982இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 13,000 பேர் பூச்சிகொல்லி நஞ்சுக்காகச் சேர்க்கப்பட்டனர். ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தனர். பெரும்பாலோர் தாமே உட்கொண்டவர்கள். அதே சேனநாயக்க அவர்கள், லக்ஷ்மன் கரலியத்த என்பவரோடு சேர்ந்து, நஞ்சின் முதல் வேகம் தணிந்தபின் இரண்டாம் மூன்றாம் நாளளவில் கழுத்தும் மூச்சுத்தசைகளும் தளரும் ஒரு நிலையை 1987இல் உலகுக்கு எடுத்துரைத்தார். இடைநிலைத் தொகுதி என்று பெயர் பெற்ற அதனை அறியாத காலத்தில், தேறிவிட்டார் என்று நம்பி விடப்பட்டவர்கள் மூச்சடங்கி மாண்டனர். அறிந்தபின் செயற்கைச் சுவாசம் அளித்துக் காப்பாற்ற முடிந்தது.

மனநோய்க்கும் சூழலுக்குமுள்ள தொடர்பை ஆராய்வோர் இலங்கையை மீண்டும் மீண்டும் சுட்டுவதற்குக் காரணம் இதன்பின் நடந்ததே. 1995இல் இந்நாட்டில் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்து மாண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று. மனத்துயரை மருந்தால் தீர்ப்பதா, அறிவுரையால் தீர்ப்பதா என்று பலரும் விவாதித்திருக்க, அரசாங்கம் வேறொரு வழியும் கண்டது. 1980ஆம் ஆண்டுப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், 1984இல் பரத்தியோன் விலக்கப்பட்டது. 1995இல் மிகக் கொடிய வகையினவாய் எஞ்சியிருந்தவை விலக்கப்பட்டன. 1998இல் எண்டோசல்பானும், 2008 முதல் 2011 வரை படிப்படியாக டைமெதோயேற்று, பென்தியோன், தேயிலைத் தோட்டங்களில் களைக்குத் தெளித்த பரகுவாற்று ஆகியனவும் விலக்கப்பட்டன. 2005 அளவில் தற்கொலை விகிதம் ஏறக்குறையப் பாதியாயிற்று, பின்னரும் குறைந்தது. 1995க்கும் 2015க்கும் இடையில் 93,000 உயிர்கள் இவ்வாறு காக்கப்பட்டன என்று ஆய்வாளர் கணித்தனர்.

ஏன் குறைந்தது? வடமத்திய மாகாண வைத்தியசாலைகளில் உயிர்பிழைத்தவர்களை மைக்கல் எடில்ஸ்டன் முதலானோர் வினவியபோது, பலர் அரைமணி நேரத்துக்கும் குறைவாகவே சிந்தித்துச் செயற்பட்டிருந்தனர். வீட்டுச் சண்டை, அவமானம், கடன் என்பன அந்த அரைமணிக்குள் அடங்கின. மருந்துப் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில், கூரை இறப்பில் செருகியிருந்தது. துயரத்தின் கடுமையினும் போத்தலில் இருந்ததன் கடுமையே சாவைத் தீர்மானித்தது. கடுமை குறைந்த பொருள் இருந்த வீட்டில் அதே துயரத்தோடு மனிதர் பிழைத்தெழுந்து, வைத்தியரிடமும் உறவினரிடமும் பேச வாய்ப்புப் பெற்றனர்.

பிழைத்தெழுந்தவர்களின் மூளை முழுவதும் மீண்டதா என்ற கேள்வியையும் பேராதனையே எடுத்துக்கொண்டது. தாரக்க தசநாயக்க முதலானோர், நஞ்சுண்டு தேறியவர்களுக்கு ஒளி, ஒலிக் குறிகளைக் காட்டி, தலையில் பொருத்திய மின்வாய்களால் மூளையின் மறுமொழியை அளந்தனர். 2007இலும் 2008இலும் வெளிவந்த அவர்களது ஆய்வுகளின்படி, வெளித்தோற்றத்தில் முற்றும் நலமடைந்து வேலைக்குத் திரும்பியவர்களிடத்தும், குறியை இனங்காணும் மின்னலை மாதங்கள் கழிந்தும் சற்றுத் தாமதித்தே எழுந்தது.