பிள்ளைங்களுக்கு லீவு, அம்மாவுக்கு சிகிச்சை... விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துல ஒரு சம்மர் ப்ளான்!

பரீட்சை முடிஞ்சாச்சு. 'இந்த லீவுக்கு எங்க கூட்டிட்டுப் போவீங்க?' என்று பிள்ளைகள் நச்சரிக்க ஆரம்பித்திருப்பார்கள். ஆனால், வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கீமோதெரபி, டயாலிசிஸ் என்று சிகிச்சை ஓடிக்கொண்டிருந்தால் என்ன பதில் சொல்வது?

'இந்த வருஷம் எதுவும் வேணாம், சத்தம் போடாம வீட்டுல இருங்க' என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில். அப்படியே ஆசைப்பட்டுக் கிளம்பினாலும், 'உடம்பு முடியாத நேரத்துல ஊர் சுத்துறாங்க பாரு' என்று நாலு பேர் பேசுவார்களே என்ற தயக்கம் வேறு.

அந்த நாலு பேரை விடுங்கள். ஐந்து வயசுப் பிள்ளைக்கு, அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன கோடை மட்டும் ஞாபகத்தில் தங்க வேண்டியதில்லை. அம்மாவோடு நுங்கு சாப்பிட்ட கோடையாகவும் அது தங்கலாம். அதற்கு ஊட்டி, கொடைக்கானல் டூர் தேவையில்லை. சிகிச்சையில் இருப்பவரின் உடம்பு ஒத்துழைக்கிற நாளைப் பார்த்து, அரை நாளில் போய்வரக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் அப்படிப்பட்ட இடங்களுக்குப் பஞ்சமே இல்லை.

முதல்ல, உண்மையைச் சொல்லுங்க

ப்ளான் போடுவதற்கு முன்பு செய்ய வேண்டியது இது. 'அம்மா ஊருக்குப் போயிருக்காங்க', 'சாதாரண காய்ச்சல்தான்' என்று சமாளித்தால் பிறகு சிக்கல். முடி கொட்டுவதும், வாந்தி எடுப்பதும், வீட்டில் எல்லோரும் கிசுகிசுப்பதும் பிள்ளைகள் கண்ணில் படாமல் இருக்காது. 'காய்ச்சல்' என்று சொல்லிவைத்தால், நாளைக்குத் தனக்குக் காய்ச்சல் வந்தாலும் முடி கொட்டுமோ என்று அந்தக் குழந்தை பயப்படும்.

சின்னப் பிள்ளைகள், வீட்டில் நடக்கும் கெட்டதுக்குத் தாங்களே காரணம் என்றும் நினைத்துக்கொள்வார்கள். 'நான் அடம்பிடிச்சதாலதான் அம்மாவுக்கு இப்படி ஆச்சு' என்று மனசுக்குள் புழுங்குகிற குழந்தை, அதை வெளியே சொல்லாது. அதனால், நோயின் பெயரைச் சொல்லியே பேசுங்கள்.

"அம்மா உடம்புக்குள்ள புற்றுநோய்னு ஒரு வியாதி இருக்கு கண்ணு. நீ பண்ண எதனாலயும் அது வரல. அம்மாவைக் கட்டிப்பிடிச்சா உனக்கு ஒட்டிக்காது. டாக்டர் குடுக்குற மருந்து ரொம்ப வீரியமானது, அதான் அம்மாவுக்கு அசதியா இருக்கு. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கு ஆயா உன்கூட இருப்பாங்க."

இவ்வளவு போதும். நோயின் பெயர், தன் தப்பு இல்லை, ஒட்டிக்கொள்ளாது, தன்னை யார் பார்த்துக்கொள்வார்கள்... குழந்தைக்குத் தெரியவேண்டியது இந்த நான்கும்தான்.

எந்த நாள் கிளம்பலாம்?

பள்ளி காலண்டரை ஓரமாக வைத்துவிட்டு, சிகிச்சை காலண்டரை எடுங்கள்.

கீமோதெரபி பலருக்கு 21 நாள்களுக்கு ஒருமுறை நடக்கும். முதல் சில நாள்கள் குமட்டலும் அசதியும் இருக்கும். பொதுவாக 7-ம் நாளிலிருந்து 14-ம் நாள் வரை ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்து, தொற்று சுலபமாக வரும் நேரம். அப்போது கூட்டம் பக்கமே போகக் கூடாது. மூன்றாவது வாரத்தில் உடம்பு கொஞ்சம் தேறும். வெளியே போக அந்த வாரம்தான் ஏற்றது. வாராவாரம் மருந்து ஏற்றுபவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும் என்பதால், 'எந்த நாள்ல வெளியே போகலாம் டாக்டர்?' என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

கதிர்வீச்சு சிகிச்சையில் இருப்பவர்கள், சிகிச்சை பெறும் இடத்துத் தோலில் வெயில் படாமல் மூடிக்கொள்ள வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு, சிகிச்சை முடிந்த அன்று அசதி அதிகம். மறுநாள் பரவாயில்லை. அவர்கள் கையில் டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய் இணைப்பு செய்திருந்தால், குழந்தை அந்தக் கையைப் பிடித்துத் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்குப் போகிற குடும்பங்கள் ஏராளம். 'எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போறோம், அப்படியே பீச்சையும் முடிச்சிடலாம்' என்று தோன்றும். அதைத் தவிர்ப்பது நல்லது. ரத்தப் பரிசோதனை, ஓ.பி வரிசை, மருந்து என்று நாள் முழுக்க அங்கேயே போய்விடும். நோயாளியும் சோர்ந்து, பிள்ளையும் ஏமாந்து திரும்ப வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரி நாள் வேறு, அவுட்டிங் நாள் வேறு என்றே இருக்கட்டும்.

நேரமும் முக்கியம். அக்னி நட்சத்திர நாள்களில் காலை 6 மணிக்குக் கிளம்பி 10 மணிக்குள் வீடு திரும்புங்கள். இல்லையென்றால் மாலை 4.30 மணிக்கு மேல் கிளம்புங்கள்.

எங்கே போகலாம்?

புதுச்சேரி பாசஞ்சர்: விழுப்புரம் ஜங்ஷனே பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கைதான். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரிகிற ஊர் இது. இதில் புதுச்சேரி பாதை 1879-ல் திறக்கப்பட்டது. தூரம் 38 கி.மீ-தான். ஜன்னலோரத்தில் உட்கார்ந்தபடியே பயணம் என்பதால், நடக்க முடியாதவரும் பிள்ளைகளோடு சேர்ந்து ரசிக்கலாம். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் கடற்கரைச் சாலை. மாலையில் அங்கே வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால், அம்மா உட்கார்ந்து காற்று வாங்க, பிள்ளைகள் பக்கத்திலேயே ஓடியாடலாம். கூட்டம் குறைவான வார நாளாகப் பார்த்துப் போங்கள்.

செஞ்சிக் கோட்டை: திண்டிவனத்திலிருந்து சுமார் 28 கி.மீ. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் இடம்பிடித்த 'மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள்' தொகுப்பில் உள்ள 12 கோட்டைகளில், தமிழ்நாட்டைச் சேர்ந்தது இது ஒன்றுதான். 'கோட்டைன்னா மலை ஏறணுமே' என்று பயப்படாதீர்கள். ராஜகிரி உச்சியை இந்த வருடம் விட்டுவிடுங்கள். கல்யாண மகால், நெற்களஞ்சியம், குதிரை லாயம், யானைக்குளம் எல்லாம் அடிவாரத்திலேயே இருக்கின்றன. அப்பா நிழலில் உட்கார்ந்து தேசிங்கு ராஜா கதையும், அவர் குதிரையின் கதையும் சொல்லட்டும். பிள்ளைகள் லாயத்தில் குதிரை ஓட்டி விளையாடட்டும். குரங்குகள் அதிகம். சாப்பாட்டுப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள்.

மண்டகப்பட்டு: விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து எடுத்த குகைக்கோயில் இது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு எடுத்த கோயில் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. மலை ஏறத் தேவையில்லை. 'செங்கல், மரம் இல்லாம எப்படிக் கட்டியிருப்பாங்க?' என்று ஒரு விடுகதை போட்டுக் கூட்டிப்போனால், பிள்ளைகள் தாங்களாகவே பதில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

திருவக்கரை: மரம் கல்லாக மாறினால் எப்படியிருக்கும்? திண்டிவனம் - புதுச்சேரி சாலைக்கு மேற்கே உள்ள தேசியக் கல்மரப் பூங்காவில் பார்க்கலாம். சுமார் 2 கோடி ஆண்டுகள் பழைமையான மரங்கள், வண்டலில் புதைந்து கல்லாகியிருக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். சின்னத் துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நிழல் குறைவு என்பதால் காலையில் சீக்கிரம் போவதுதான் நல்லது.

இப்போதைக்கு வேணாம்!

வேடந்தாங்கலும், மரக்காணம் பக்கமுள்ள கழுவெளி ஏரியும் அருமையான இடங்கள். ஆனால், பறவைகள் பெருமளவில் இருப்பது குளிர்காலத்தில். மே மாத வெயிலில் அலைந்தால் அசதிதான் மிஞ்சும். மேல்மலையனூர் அங்காளம்மனை வேண்டிக்கொண்டிருந்தால் கட்டாயம் போங்கள். ஆனால், அமாவாசை அன்று மட்டும் வேண்டாம். ஊஞ்சல் உற்சவத்துக்கு வரும் கூட்டம், எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கு ஆகாது. பிள்ளைக்குச் சளி, காய்ச்சல் இருந்தாலும் பயணத்தை ஒத்திவையுங்கள்.

தர்பூசணி, நுங்கு, இளநீர்... யாருக்கு ஓகே?

திண்டிவனம் ரோட்டில் தர்பூசணிக் குவியலைத் தாண்டி வண்டியை ஓட்டுவது கஷ்டம்தான். கீமோவில் இருப்பவருக்கு, ஈ மொய்க்கும் வெட்டிய துண்டுகள் வேண்டாம். முழுப் பழமாக வாங்கி, வீட்டில் கழுவி வெட்டுங்கள். நுங்கையும் காயாகவே வாங்கி வந்து வீட்டில் சீவிக்கொள்ளலாம்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், அது இதயத்துடிப்பையே பாதிக்கலாம். தர்பூசணியிலும் நுங்கிலும் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். ஒரு நாளைக்கு இவ்வளவு நீர்தான் என்று டாக்டர் சொன்ன அளவில் அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். 'வெயிலுக்கு நல்லதுதானே, ஒரு இளநி குடிங்க' என்று சொந்தக்காரர்கள் அன்பாக நீட்டினாலும், டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

பையில் இவை இருக்கட்டும்: அன்றைய மாத்திரைகள், தெர்மாமீட்டர், குடை, ஈரத் துண்டு, வாந்திக்கு பிளாஸ்டிக் கவர், வீட்டுத் தண்ணீர், வீட்டுச் சாப்பாடு. மருத்துவ ஃபைலின் முக்கியப் பக்கங்களை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கீமோவில் இருப்பவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் வந்தால், 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்' என்று ஒரு மாத்திரையைப் போட்டுச் சமாளிக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவசரத்துக்கு 108.

ஓடத் தெரிந்த ஒருத்தர் கட்டாயம்

மூணு வயசுக் குழந்தை கடலை நோக்கி ஓடினால், சிகிச்சையில் இருக்கும் அம்மாவால் துரத்திப் பிடிக்க முடியாது. வண்டி ஓட்டி, சாமான் தூக்கி, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் அப்பாவால் மட்டும் எல்லாவற்றையும் கவனிக்கவும் முடியாது. எனவே, எங்கே போனாலும் பிள்ளைகளுக்கு என்றே ஒரு பெரியவர் கூட வரட்டும். 'ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க' என்று சொன்ன சித்தப்பாக்களையும் அத்தைகளையும் கூப்பிட இதுதான் நேரம். "சனிக்கிழமை காலைல 6 மணிக்கு செஞ்சி போறோம், பசங்களைப் பார்த்துக்க வர முடியுமா மாமா?" என்று நாள், நேரம், வேலை மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். உதவ நினைப்பவர்களுக்கும் அதுதான் வசதி.

போக முடியாமப் போனா?

இது கட்டாயம் நடக்கும். கிளம்புகிற அன்று காலையில் அம்மாவால் எழுந்திருக்கவே முடியாமல் போகலாம். அதனால் 'சத்தியமா போறோம்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "அம்மாவுக்கு உடம்பு முடிஞ்சா கோட்டை, முடியலைன்னா மொட்டைமாடி" என்று முதலிலேயே இரண்டு ப்ளான் சொல்லிவிடுங்கள். மொட்டைமாடிக்கும் ஒரு மவுசு வேண்டும். பாய், நிலாச்சோறு, டார்ச் லைட் கதை என்று அதையும் திட்டமிட்டே வைத்திருங்கள்.

பிள்ளைகள் மட்டும் மாமாவோடு போகிற நாளும் வரும். அன்று அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். 'அம்மாவுக்காக மூணு போட்டோ எடுத்துட்டு வா', 'கல்லான மரம் எத்தனைன்னு எண்ணிட்டு வந்து சொல்லு' என்றால், அம்மாவை விட்டுவிட்டுச் சந்தோஷமாக இருக்கிறோமே என்ற குற்றவுணர்வு பிள்ளைக்கு வராது. கட்டிலில் இருப்பவரும் அந்தப் பயணத்தில் சேர்ந்துகொள்வார்.

'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்'

சில வீடுகளில், நோய் குணமாகாது என்று டாக்டர் சொல்லியிருப்பார். அந்த வீடுகளில் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். தெருமுனைக் கோயில் வரை சக்கர நாற்காலியில் போய் வருவதும் அவுட்டிங்தான். கதை சொல்லும் குரலை போனில் பதிந்துவையுங்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுங்கள். முடி இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். பின்னாளில் அந்தப் பிள்ளை தேடப்போவது அம்மாவின் முகத்தைத்தான்.

"அம்மா செத்துப்போயிடுவாங்களா?" என்று பிள்ளை கேட்டால், பேச்சை மாற்றாதீர்கள். "டாக்டருங்க வலி இல்லாமப் பார்த்துக்குறாங்க. வியாதி ரொம்ப பெருசா இருக்கு கண்ணு. எது நடந்தாலும் உன்கிட்ட மறைக்க மாட்டோம், உன்னைப் பார்த்துக்க நாங்க எல்லாரும் இருக்கோம்" என்று, சுமக்க முடிகிற அளவுக்கு உண்மையைச் சொல்லுங்கள்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை வீட்டுக்கே வந்து கொடுக்கப்படுகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104. பார்த்துக்கொள்பவருக்கே மனசு தாங்கவில்லை என்றால், 'டெலி மானஸ்' எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

எதுவுமே முடியாத நாளில், சாப்பிட்ட நுங்குக் கூந்தல் இரண்டையும் ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பு கொடுத்து நுங்கு வண்டி செய்யுங்கள். எப்படிச் செய்வது என்று அப்பா கட்டிலில் இருந்தபடியே சொல்லித்தரலாம். வாசலில் அந்த வண்டி உருள்கிற சத்தம் அவருக்கும் கேட்கும்.