காதைத் தொட்ட கையும் ஆண்டைச் சுழற்றும் விரலும்

அறுபதைத் தாண்டியவர்களிடம் பள்ளியில் சேர்ந்த கதையைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே காட்சிதான் வரும். தலைமையாசிரியர் பிள்ளையை முன்னால் நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். விரல் காதில் பட்டால் ஐந்து வயது ஆயிற்று. படாவிட்டால் அடுத்த வருசம் வரவேண்டும். பிறப்புச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. பிறந்த தேதிக்கான கட்டத்தில் ஆசிரியரே ஒரு தேதியை எழுதிக்கொள்வார். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டுமே என்று அது மே மாதத் தேதியாகவோ ஜூன் முதல் தேதியாகவோ அமைந்துவிடும். நம் கிராமங்களில் ஒரு தலைமுறையில் இத்தனை பேர் அந்த இரண்டு மாதங்களில் 'பிறந்திருப்பது' இதனால்தான்.

அந்த அளவையில் பிழை உண்டு. ஆனால் அளந்தவர் பிள்ளையை நேரில் பார்த்தார். இன்று இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கும் பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை. திரையில் நாள், மாதம், ஆண்டு என்று மூன்று வரிசைகள் சுழலும். ஆண்டை விரலால் இழுத்து வேண்டிய இடத்தில் நிறுத்தினால் வேலை முடிந்தது.

சமூக ஊடகக் கணக்குக்கான வயது வரம்பு எப்படி உருவாயிற்று என்பதை மன்னவனூரிலிருந்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். 13, 16, 18 என்று மூன்று எண்கள் இன்று பேசப்படுகின்றன. மூன்றும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு காரியத்துக்காகப் பிறந்தவை. ஆனால் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு கணக்கு என்ற எண்ணத்தில் மூன்றும் ஒன்றுபடுகின்றன. வீட்டுக்கு ஒரு போன் உள்ள இடத்தில் இந்த எண்ணம் நிற்குமா என்பதே என் கேள்வி.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் போனால் மன்னவனூர். மலைப்பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ் விளையும் ஊர். மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையமும், ஏரியும், புல்வெளியும் வெளியூர்க்காரர்களை இழுக்கின்றன. அந்தப் புல்வெளியில் நின்று ரீல்ஸ் எடுக்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. ஊர்ப் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரே அடுத்தவர் போனில் ஓடும் படமாகத்தான் முதலில் தெரிகிறது என்றுகூடச் சொல்லலாம். இந்த ஊரை எடுத்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. திண்டுக்கல் மாவட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு உட்பட்டது. பிள்ளைகளையும் இணையத்தையும் பற்றி இந்திய நீதிமன்றங்களில் எழுந்த பேச்சில் கணிசமான பங்கு அந்தக் கிளையிலிருந்து வந்தது.

பதின்மூன்று

பதின்மூன்று என்ற எண்ணுக்குக் குழந்தை மருத்துவமோ உளவியலோ மூலம் அல்ல. 1990-களின் அமெரிக்காவில் பிள்ளைகளுக்கான இணையதளங்கள் விளையாட்டும் பரிசும் காட்டி அவர்களுடைய பெயர், முகவரி, குடும்ப விவரங்களைத் திரட்டி விளம்பர வணிகத்துக்குப் பயன்படுத்தின. அதை எதிர்த்து எழுந்த புகார்களின் விளைவாக 1998 அக்டோபரில் குழந்தைகளின் இணையத் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 13 வயதுக்குட்பட்டவரின் விவரங்களைப் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் திரட்டக் கூடாது என்பதே அதன் சாரம். சட்டத்தை முன்னெடுத்தவர்களில் ஒருவரான எட்வர்ட் மார்க்கி முதலில் கேட்ட வயது 16. வணிக நிறுவனங்கள் அதை எதிர்த்தன. கருத்தடை, வீட்டு வன்முறை போன்றவற்றைப் பற்றிப் பதின்பருவத்தினர் தாமாகத் தகவல் தேடும் வழி அடைபடும் என்று உரிமை அமைப்புகளும் எதிர்த்தன. பேரத்தின் முடிவில் எண் 13-இல் நின்றது.

அந்தச் சட்டம் பிள்ளைகளுக்குத் தடை போடவில்லை. பெற்றோரைக் கேள் என்றுதான் சொன்னது. பெற்றோரைத் தேடிப் போய் ஒப்புதல் வாங்குவது நிறுவனங்களுக்குச் செலவு. '13-க்குக் கீழே அனுமதியில்லை' என்று எழுதிவைக்கச் செலவில்லை. 2006 செப்டம்பரில் கல்லூரி வட்டத்தைத் தாண்டி எல்லோருக்கும் கதவு திறந்த ஃபேஸ்புக் 13 என்று எழுதிவைத்தது. பின்னால் வந்தவர்களும் அதையே பின்பற்றினார்கள். இப்படி ஒரு நாட்டின் தரவு விதி உலகம் முழுவதற்குமான வாசல் பலகை ஆயிற்று. டானா பாய்டும் அவருடன் சேர்ந்தவர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 12 வயதுப் பிள்ளைகளின் பெற்றோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் பிள்ளைக்கு ஃபேஸ்புக் கணக்கு இருப்பதாகச் சொன்னார்கள். கணக்குத் தொடங்க உதவியவர்களோ அவர்களில் நான்கில் மூன்று பங்கினர். வயதை மாற்றிப் போட்டது பிள்ளையின் திருட்டுத்தனம் மட்டும் அல்ல, வீட்டின் கூட்டு முயற்சி.

பதினெட்டு

பதினெட்டின் கதை நம் நாட்டில் இன்னும் பழையது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி உரிய வயதை அடையாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது. அந்த வயது 18 என்பது 1875-ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டம் வகுத்தது. இதற்கு அழுத்தம் கொடுத்தது கல்கத்தாவிலிருந்து போன ஒரு வழக்கு. தர்மதாஸ் கோஷ் என்ற வயது வராத இளைஞர் 1895-இல் தன் வீட்டை வட்டிக்காரரிடம் அடமானம் வைத்தார். 1903-இல் லண்டன் பிரிவி கவுன்சில், மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று தீர்ப்பளித்தது. மோஹோரி பீபி வழக்கு என்று இன்றும் சட்டக் கல்லூரி மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். வட்டிக்காரரிடமிருந்து மைனரின் சொத்தைக் காக்க வகுத்த கோடு அது.

அந்தக் கோடு 2013-இல் ஃபேஸ்புக்கின் மீது வந்து விழுந்தது. கே. என். கோவிந்தாச்சார்யா டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், 18 வயது ஆகாதவர் ஒப்பந்தமே செய்ய முடியாது எனும்போது இந்த நிறுவனங்களின் விதிமுறைகளுக்கு 'ஒப்புக்கொள்கிறேன்' என்று எப்படி அழுத்த முடியும் என்ற கேள்வி எழுந்தது. சட்டப்படி கூர்மையான கேள்விதான். ஆனால் வழக்கு அந்தக் கூர்மையில் நிலைக்கவில்லை. 13 வயதுக்குட்பட்டவர் கணக்குத் தொடங்கக் கூடாது என்ற எச்சரிக்கையை முகப்புப் பக்கத்திலேயே போட வேண்டும் என்று அந்த ஆண்டு ஆகஸ்டில் நீதிமன்றம் ஃபேஸ்புக்குக்கு உத்தரவிட்டது. 18 பற்றிய கேள்விக்கு 13 என்ற அமெரிக்க விடையே பலகையாக மாட்டப்பட்டது.

மதுரைக் கிளை

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் மலைக்கிராமங்களிலும் நெட் மலிவானது. 2017-இல் 'நீலத் திமிங்கலம்' என்ற இணைய விளையாட்டைப் பற்றிய அச்சம் பரவியபோது மதுரைக் கிளை தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அப்போது பேச்சு ஒரு விளையாட்டைப் பற்றியது. வயது இன்னும் மையத்துக்கு வரவில்லை.

வயதை மையத்துக்குக் கொண்டுவந்தது டிக்டாக் வழக்கு. 2019 பிப்ரவரியில் தமிழகச் சட்டப்பேரவையிலேயே அந்தச் செயலியைத் தடைசெய்யக் கோரிக்கை எழுந்தது. மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றார் அன்றைய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் எம். மணிகண்டன். ஏப்ரல் 3 அன்று நீதிபதிகள் என். கிருபாகரன், எஸ். எஸ். சுந்தர் அமர்வு, செயலியைப் பதிவிறக்க இடைக்காலத் தடை விதிக்கும்படி உத்தரவிட்டது. அமெரிக்காவில் உள்ளதைப் போலக் குழந்தைகளைக் காக்கும் சட்டம் ஒன்றை இங்கே கொண்டுவரும் எண்ணம் உண்டா என்று மத்திய அரசையும் கேட்டது. இதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அதே அமெரிக்கச் சட்டத்தின் கீழ் டிக்டாக் 57 லட்சம் டாலர் கட்டியிருந்தது. கூகுளும் ஆப்பிளும் தங்கள் கடைகளிலிருந்து செயலியை எடுத்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பி, ஏப்ரல் 24 அன்று தடை நீங்கியது. மூன்று வாரம். அதற்குள்ளும் போனில் ஏற்கெனவே செயலி இருந்தவர்கள் ஆடிப் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஓராண்டு கழித்து, 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கை நாடு முழுவதும் நிறுத்தியது மத்திய அரசு. காரணம் எல்லைப் பிரச்சினையும் நாட்டின் பாதுகாப்பும், குழந்தைகள் அல்ல. நீதிமன்றம் கேட்ட குழந்தைச் சட்டம் அப்படியே கிடந்தது.

அதே 2020-இல் இன்னொன்று நடந்தது. மார்ச்சில் பள்ளிகள் மூடின. போனைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள் என்று அதுவரை சொல்லிவந்த ஆசிரியரே வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் அனுப்ப வேண்டியதாயிற்று. குழுவில் சேர்க்கப்பட்டது அப்பாவின் எண். பாடத்தைப் பார்த்தது பிள்ளை. போனுக்கு உரியவர் ஒருவர், அதைப் பயன்படுத்துபவர் இன்னொருவர் என்ற ஏற்பாட்டைப் பள்ளியே நிலைப்படுத்தியது இந்தக் காலத்தில்தான். வயது வரம்பைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைப் போதிய அளவு கணக்கில் எடுப்பதில்லை என்பது என் எண்ணம்.

சட்டம் வந்தபின்

தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வழிகாட்ட அமைந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் அறிக்கை தந்தபோது, பிள்ளையின் தன்னாட்சி வளர்ச்சியைக் கருதினால் 18 கூடுதல்தான் என்று உணர்ந்தே, ஒப்பந்தச் சட்டத்தோடு ஒத்துப்போக 18-ஐ வைத்துக்கொண்டது. அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய விதி 16 என்றது. உறுப்பு நாடுகள் விரும்பினால் 13 வரை இறக்கிக்கொள்ளலாம் என்றும் இடம் விட்டது. நம்முடைய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. 18 நிரம்பாதவர் குழந்தை. அவர் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அவரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவரைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். ஆக, ஒப்பந்தப் பத்திரத்துக்கு வகுத்த வயதே ரீல்ஸுக்கும் வந்து சேர்ந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம்.

அந்த விதிகளில் பெற்றோர் ஒப்புதலை விளக்க எடுத்துக்காட்டுகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஒன்றில், பிள்ளை நிறுவனத்திடம் தான் ஒரு பிள்ளை என்று தெரிவிக்கிறது. உடனே பெற்றோர் தம்மை அடையாளம் காட்ட நிறுவனம் வழிசெய்கிறது. இன்னொன்றில், பெற்றோரே வந்து இது என் பிள்ளைக்கான கணக்கு என்கிறார். பெற்றோர் வயது வந்தவர்தானா என்பதை டிஜிலாக்கர் போன்றவற்றின் மூலம் சரிபார்க்கலாம். எல்லாம் சரி. ஆனால் யாரோ ஒருவர் உண்மை சொன்ன பிறகுதான் இந்த ஏற்பாடு விழித்துக்கொள்கிறது.

இதற்கிடையில் ஆஸ்திரேலியா பெற்றோர் ஒப்புதலையே விட்டுவிட்டது. 2024 நவம்பரில் நிறைவேறி 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த அதன் சட்டப்படி 16 வயதுக்குட்பட்டவருக்குக் கணக்கே கிடையாது. பெற்றோர் சம்மதித்தாலும் கிடையாது. தண்டனை நிறுவனத்துக்கு மட்டும், 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. பொறுப்பை வீட்டின் தலையிலிருந்து இறக்கி நிறுவனத்தின் தலையில் வைத்தது என்ற அளவில் இது புதிய திருப்பம்தான். நம் உச்ச நீதிமன்றமோ, 13 வயதுக்குட்பட்டவருக்குத் தடை கோரிய மனுவை 2025 ஏப்ரலில் கொள்கை விவகாரம் என்று சொல்லி ஏற்க மறுத்திருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் மதுரைக் கிளை மீண்டும் பேசியது. பிள்ளைகளின் கையில் ஆபாசப் படங்கள் எளிதாகக் கிடைப்பது பற்றிய வழக்கில், நீதிபதிகள் ஜி. ஜெயச்சந்திரன், கே. கே. ராமகிருஷ்ணன் அமர்வு ஆஸ்திரேலியாவைப் போன்ற சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்றது. அதுவரை விழிப்புணர்வுப் பணியைத் தீவிரப்படுத்தச் சொன்னது. 2019-இல் அமெரிக்காவைச் சுட்டிய அதே கிளை ஆறே ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவைச் சுட்டியிருக்கிறது.

ஆஸ்திரேலிய வழி இங்கே எடுபடுமா? ஊரகப் பிள்ளைகளைப் பற்றிய 2024-ஆம் ஆண்டின் ஏசர் அறிக்கையைப் பார்க்கலாம். 14 முதல் 16 வயது வரையுள்ளவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. 82 விழுக்காட்டினருக்கு அதைப் பயன்படுத்தத் தெரியும். பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தப் போன் உள்ளவர்களோ, 14 வயதில் 27 விழுக்காடு, 16 வயதில் 38-ஐ ஒட்டி. ஆனால் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் 76 விழுக்காட்டினர் கணக்கெடுப்புக்கு முந்தைய வாரத்தில் சமூக ஊடகம் பார்த்திருக்கிறார்கள். இடைவெளியை நிரப்புவது அப்பாவின் போன், அம்மாவின் போன், அக்காவின் போன். முகத்தைப் பார்த்து வயதைக் கணிக்கும் மென்பொருளே வந்தாலும், கணக்குத் தொடங்கும் அன்று கேமராவின் முன்னால் அப்பா நின்றால் போதும்.

மன்னவனூரில் சென்ற கார்த்திகையில் ஒரு வீட்டில் இதை அருகிலிருந்து பார்த்தேன். வெளியே தூறல். விட்டத்தில் விதைப்பூண்டு கொத்துக் கொத்தாகத் தொங்கியது. போன் ஜன்னல் திட்டில், டவர் கிடைக்கும் ஒரே இடத்தில் இருந்தது. ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன் நின்றபடியே ரீல்ஸைத் தள்ளிக்கொண்டிருந்தான். யார் பேரில் கணக்கு என்று கேட்டேன்.

"அப்பா பேர்லதான் சார். ஓடிபி அப்பா நம்பருக்குத்தான வரும்."

"பிறந்த தேதி?"

"அதுவும் அப்பாவுதுதான். ஆதாரைப் பாத்துப் போட்டேன்."

காட்டினான். 1979 ஜூன் 1. பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த தகப்பனார் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"அது வாத்தியார் போட்ட தேதிங்க. காதைத் தொடச் சொன்னாரு, தொட்டேன், எழுதிட்டாரு. எங்கம்மாவைக் கேட்டா, ஐப்பசி அடைமழைல பொறந்தேன்னு சொல்லும்."