அணையாடையும் தோட்டத்துத் தாயும்

சரித்திரம் என்றால் அரசர்களின் படையெடுப்பும் ஆளுநர்களின் ஒப்பந்தங்களுமே என்று நம்மவர் பலர் எண்ணியிருக்கின்றனர். மலாயாவின் சரித்திரத்தை எடுத்துக்கொண்டால், ஈயத்தையும் ரப்பரையும், இரயில் பாதையையும் துறைமுகத்தையும் பற்றி அடுக்கடுக்காக நூல்கள் உள. ஆயின், இந்நாட்டில் பிறந்த ஒவ்வொரு குழந்தையின் இடுப்பிலும் கிடந்து, நாள்தோறும் பன்முறை நனைந்து, துவைக்கப்பட்டு, உலர்ந்து, மீண்டும் நனைந்த அந்தச் சிறு துணித்துண்டின் சரித்திரத்தை எழுதுவார் யார்? எழுதப் புகுந்தால் சிலர் நகைப்பர். சிலர் மூக்கைப் பிடித்துக்கொள்வர். நகைப்பவரும் மூக்கைப் பிடிப்பவரும் ஒரு காலத்தில் அத்துணியை நனைத்தவர்களே என்பதை நினைவூட்டிவிட்டு மேலே செல்கின்றோம்.

அத்துணிக்குத் தமிழில் அணையாடை என்ற அழகிய பெயர் உண்டு. அகராதியில் பெயர் உண்டேயன்றிப் பாட்டில் அதற்கு இடமில்லை. நம் புலவர்கள் பிள்ளைத்தமிழ் என்றொரு நூல்வகை கண்டு, குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்தனர். மூன்றாந் திங்கள் முதல் இருபத்தோராந் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்களில் அப்பருவங்களைப் பாடுக என்பது பாட்டியலார் கூறும் விதிகளுள் ஒன்று. செங்கீரை ஆடியதும், சப்பாணி கொட்டியதும், சிற்றில் சிதைத்ததும் பாடப்பெற்றன. தாய் கண்ணிமை மூடாத முதல் இரண்டு திங்கள்களோ கணக்கிலேயே இல்லை! குழந்தையின் முத்தத்தைப் பாடியவர் ஆடவர். அணையாடையைத் துவைத்தவள் பெண். பாடுவோர் வேறு, துவைப்போர் வேறு என்று இருந்துவிட்டால் பாட்டு அப்படித்தான் அமையும்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அணையாடைக்கென்று எவரும் புதுத்துணி வாங்கினாரில்லை. பன்முறை வெளுத்து மென்மையேறிய பழைய வேட்டியையும் நூற்சேலையையும் கிழித்துச் சதுரஞ் சதுரமாக மடித்து வைப்பர். அதில் அறிவும் உண்டு. கஞ்சி போகாத புதுத்துணி நீரை எளிதில் ஈர்க்காது. தேய்ந்த பருத்தியே விரைந்து ஈர்க்கும். பிஞ்சுத் தோலையும் உறுத்தாது. ஆனால் அத்துணியைச் சுற்றி நம் சமூகம் கட்டிய வேலி அறிவின்பாற்பட்டதன்று. பேறுகாலம் பார்ப்பது ஒரு குலத்துப் பெண்ணின் தலையெழுத்து. பிள்ளை பெற்ற வீட்டின் தீட்டுத் துணியை வெளுப்பது மற்றொரு குலத்துப் பெண்ணின் தலையெழுத்து. குழந்தையைத் தெய்வம் என்று கொஞ்சிய வாய், அதன் துணியை வெளுத்தவளைத் திண்ணையில் ஏறாதே என்றது. அவளுக்குக் கிடைத்த கூலி சில படி தானியமும் எஞ்சிய சோறுமே.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த மக்கள் இவ்வேலியை முழுவதும் கடலில் எறிந்துவிட்டனர் என்று நாம் கூறமாட்டோம். எனினும், லயத்து வீட்டில் பரம்பரை வண்ணாத்தி இல்லை. தலைமுறை மருத்துவச்சியும் எளிதில் கிடைப்பதில்லை. பெற்றவளே துவைக்கவேண்டும், அல்லது அண்டை வீட்டுக்காரி, குலம் யாதாயினும், உதவவேண்டும். சாதியின் ஒரு முடிச்சு இங்ஙனம் வாளியருகே சற்றுத் தளர்ந்தது. ஆயின், ஊரில் இருவர் மூவர் பகிர்ந்துகொண்ட வேலை இங்கே ஒருத்தியின் தலையில் விழுந்தது. அவளோ விடியுமுன் வேலைக்காட்டுக்குப் போகவேண்டியவள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இஃது எங்ஙனம் நிகழ்ந்தது என்பதை நோக்குவோம். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நோக்கிப் போடப்பட்ட இரயில் பாதை 1886ஆம் ஆண்டில் புக்கிட் கூடா வரையும், 1890இல் கிள்ளான் வரையும் எட்டியது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பெற்றது. இன்று அதன் பெயர் போர்ட் கிள்ளான். திறந்த சில திங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் அத்துறைமுகத்தை மூடச்செய்யும் நிலைக்குக் கொண்டுவந்தது. அப்பொழுது கிள்ளானில் மருத்துவராயிருந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, கொசுவின் பிறப்பிடத்தை ஒழித்துக் காட்டினார். பின்னர்த் தோட்டந் தோட்டமாகச் சென்று, குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு மண்ணீரல் வீங்கியுள்ளதா என்று பார்த்தே அத்தோட்டத்தின் நோய் நிலையை அளந்தார். ஒரு தோட்டத்தின் உண்மையான கணக்கு கிராணியின் புத்தகத்தில் மட்டும் இல்லை, குழந்தையின் வயிற்றிலும் இருக்கிறது என்பது அவர் காட்டிய பாடம்.

அக்குழந்தையின் தாய் எப்படி வாழ்ந்தாள்? விடியுமுன் பெரட்டுக்கு நிற்கவேண்டும். இருள் பிரியும்போது மரம் வெட்டத் தொடங்கி, பால் சேர்த்து, நிறுத்துக் கொடுத்து மீளும்போது நண்பகலாகிவிடும். கிள்ளான் முதலிய கடலோரப் பகுதிகளில் 1928ஆம் ஆண்டளவில் வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் ரப்பர் விலை வீழ்ந்தவுடன் அது 40ஆகவும் 32ஆகவும் குறைந்தது. மரத்துக்கு ஆண் பெண் வேற்றுமை தெரியாது. கூலிப் புத்தகத்துக்குத் தெரியும்! அக்கூலிக்காகக் கைக்குழந்தையைத் தூக்கிச் சென்று, இரு பால்மரங்களுக்கிடையே பழஞ்சேலையால் ஏணை கட்டி, கொசுவுக்கும் எறும்புக்கும் நடுவே விட்டுவிட்டு வரிசை வரிசையாக மரம் வெட்டிய தாய்மார் எத்தனை பேர்!

இப்பொழுது ஒரு சிறு கணக்குப் போடுவோம். பிறந்த குழந்தை நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முறையேனும் துணியை நனைக்கும். வீட்டில் இருப்பது பத்துத் துண்டு என்று கொள்வோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை பொழியும் இப்பள்ளத்தாக்கில், பிற்பகல் மழை பிடித்தால் கொடியில் கிடப்பது உலராது. அடுப்புக்கு மேலே கட்டிப் புகையில் உலர்த்தவேண்டும். அன்றேல் அரை ஈரத்தோடு மறுபடியும் கட்டவேண்டும். ஈரம் தோலைப் புண்ணாக்கும். துணி தாங்காதது ஏணைக்கு ஒழுகும். ஏணை தாங்காதது தரைக்கு ஒழுகும். அத்தரையிலேதான் மூத்த குழந்தை தவழும். தோட்டத்து மண்ணின் கேட்டை உலகம் அறிய ஒரு சான்றும் உண்டு. 1915ஆம் ஆண்டில் ராக்பெல்லர் அறநிலையம் கீழ்நாடுகளுக்கு அனுப்பிய ஆராய்ச்சிக் குழு, மலாயாத் தோட்டங்களில் கொக்கிப்புழு நோயை ஆராய்ந்தது. மலம் கலந்த மண்ணில் பிறக்கும் அப்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுள் ஏறி இரத்தத்தை உறிஞ்சுவது. குழாயும் கழிப்பிடமும் வாளியும் சவர்க்காரமும் இல்லாத இடத்தில், தாயின் அன்பு ஒன்றே குழந்தையைக் காத்துவிடும் என்று பேசுவது வெறும் பேச்சாகும்.

பெரிய தோட்டங்களில் நாளடைவில் ஆயாக்கொட்டகைகள் எழுந்தன. மரம் வெட்டும் வலிமை நீங்கிய மூதாட்டி ஒருத்தி, வரிசையாகத் தொங்கும் ஏணைகளை ஆட்டிக்கொண்டிருப்பாள். அவ்வாயாமாரின் தொண்டை நாம் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் ஒருத்திக்கு இரண்டு கைகளே உள. ஒரு குழந்தையின் துணியை மாற்றுவதற்குள் மூன்று குழந்தைகள் நனைத்துவிடும். தாய்ப்பாலுக்குப் பதில் டப்பாப் பாலைக் கரைத்துப் புகட்டினால் வயிற்றுப்போக்கும் கூடும். சர்க்கரை கலந்த கட்டிப்பாலைக் குழந்தை உணவென்று விற்பதைக் கண்டித்து, மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வணிகப் பெருமக்கள் நடுவே ‘பாலும் கொலையும்’ என்ற பொருளில் ஆற்றிய சொற்பொழிவு உலகறிந்தது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1919இல், வாஷிங்டனில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு, ஆலைத் தொழிலாளியாகிய தாய்க்குப் பன்னிரண்டு வார விடுமுறையும், நாளுக்கு இருமுறை அரைமணி நேரம் பாலூட்டும் ஓய்வும் வேண்டும் என்று வகுத்திருந்தது. மலாயாவின் காட்டில் மரம் வெட்டியவளுக்கு அக்காகிதம் எவ்வளவு தொலைவில் இருந்தது!

இதில் உள்ள பெரிய முரண்பாட்டை நேயர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். ஒழுகும் துணிக்கு மருந்து ரப்பரே. 1823இல் சார்லஸ் மாகின்டாஷ் ரப்பர் பூசிய துணியால் நீர் புகா ஆடை செய்தார். 1844இல் சார்லஸ் குட்இயர், கந்தகமிட்டுச் சூடேற்றி ரப்பரை உறுதிப்படுத்தும் முறைக்கு உரிமை பெற்றார். அதன்பின் மேல்நாட்டுக் குழந்தைகளின் அணையாடைக்கு மேலே ரப்பர்க் கால்சட்டையும், படுக்கையின் கீழே ரப்பர் விரிப்பும் வந்தன. கிள்ளான் தோட்டத்தில் ஒருத்தி வெட்டிய பால், கடல் கடந்து, லண்டன் மாநகரில் ஒரு குழந்தையின் படுக்கையை நனையாமல் காத்தது. அவள் பெற்ற குழந்தையோ, அதே பால்மரத்தின் நிழலில் நனைந்து கிடந்தது. உழைப்பவன் வேறு, துய்ப்பவன் வேறு என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமோ?

நகரத்து நிலை வேறு. செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸில், இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணிபுரிந்தோர்க்காக 1905ஆம் ஆண்டளவில் நூறு குடியிருப்புகள் கட்டப்பெற்றன. யாழ்ப்பாணத்தினின்றும் தமிழகத்தினின்றும் வந்த கிராணிமார் குடும்பங்களுக்குக் குழாய் நீர் இருந்தது. 1849இல் அமெரிக்கரான வால்டர் ஹண்ட் கண்ட ஊக்கு இருந்தது. கடைத்தெருவில் வெள்ளைத் துணி இருந்தது. ஐயாவின் அலுவலகச் சட்டை சலவைக்குப் போயிற்று. அணையாடையோ பெரும்பாலும் அம்மாவின் கைக்கே வந்தது. தோட்டத்தில் வறுமை செய்ததை நகரத்தில் வழக்கம் செய்தது. இரண்டிலும் வாளியின் முன் குனிந்தவள் ஒருத்தியே.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வோடு நல்ல மருத்துவ வசதியும், பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பும், கள்ளுக்கடை ஒழிப்பும் கேட்டனர். மறுமொழியாகத் துப்பாக்கி வந்தது, உயிர்கள் போயின. அதற்கடுத்து ஜப்பானியர் ஆட்சி. 1942, 43இல் சயாம் இரயில் பாதைக்கு ஆயிரமாயிரமாக ஆடவரைக் கொண்டுபோனார்கள், பல்லாயிரவர் மீளவில்லை. துணிப் பஞ்சத்தால் பெரியவர்களே கோணிச் சாக்கை உடுத்திய காலத்தில், குழந்தைக்கு அணையாடை எங்கிருந்து வரும்? அக்காலத்துத் தாய்மார்க்கு நினைவுச் சின்னம் எழுப்பவேண்டுமாயின், ஒரு வாளியையும் ஒரு கந்தல் துணியையும் செதுக்கினாலே போதும்.

போருக்குப்பின் உலகம் மாறிற்று. 1946இல் அமெரிக்க மாது மரியன் டோனவன், குளியலறைத் திரைத்துணியை வெட்டி, ஒழுகாத மேலுறை ஒன்றைத் தைத்தார். 1961இல் பாம்பர்ஸ் என்னும் காகித அணையாடை அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. 1980களில், தன் எடையினும் பன்மடங்கு நீரை உறிஞ்சிக் களியாக்கிக்கொள்ளும் இரசாயனத் தூள் அதனுள் புகுந்தது. அந்நீர் அழுத்தினாலும் எளிதில் வெளிவராது. கால் ஓரத்து மீள்கயிறு பக்கங்களை அடைத்துவிடும். ஒழுக்கு நின்ற இரகசியம் இதுவே. இன்று நம் நாட்டில் எந்தக் குழும்பின் அணையாடையையும் ‘பெம்பர்ஸ்’ என்றே அழைக்கின்றோம்; பழைய துணி அணையாடைக்கு ‘லம்பின்’ என்ற மலாய்ச் சொல் நம் வீடுகளிலும் புழங்குகிறது.

தோட்டங்களும் மறைந்தன. ரப்பர் நின்ற நிலத்தில் ஷா ஆலமும் சுபாங் ஜெயாவும் எழுந்தன. லயத்து மக்கள் அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தனர். 1957இல் மலாயாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 75 ஓராண்டுக்குள் மடிந்தன. 2000ஆம் ஆண்டளவில் அத்தொகை 10க்குக் கீழே இறங்கிவிட்டது. தூய நீரும், தடுப்பூசியும், தாய்சேய் நலவிடுதியும், கல்வியும் செய்த அரும்பணி அது. பழமையே பொற்காலம் என்று பாடுவோர் இவ்விரு எண்களையும் அருகருகே எழுதிவைத்துக்கொண்டு பாடட்டும்.

ஆயினும் துன்பம் வேறு உருவில் தொடர்கின்றது. 2012இல் எடுக்கப்பட்ட அரசாங்கக் கணக்கின்படி, வீட்டுக் குப்பையில் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பங்கு அணையாடையே. கோலாலம்பூரின் குப்பை 2005 முதல் புக்கிட் தாகார் குழிக்குச் செல்கின்றது. அங்கே புதைந்த நெகிழி நம் பேரர் காலத்திலும் மக்காது. கூலி குறைந்த வீட்டில், விலைக்கு அஞ்சி ஒரே பெம்பர்ஸை நெடுநேரம் விட்டுவைப்பதும், அதனால் குழந்தையின் தோல் சிவந்து புண்ணாவதும் உண்டு. ஒழுகாத ஆடை நனையாத ஆடையன்று. மாற்றும் கை ஒன்று எப்போதும் வேண்டும்.

அந்தக் கை யாருடையது? இதுவே நாம் கேட்க வந்த கேள்வி. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தாய்க்கு 60 நாள் பேறுகால விடுமுறை தந்தது. 2023 சனவரி முதல் அது 98 நாளாயிற்று. அன்றே மணமான தந்தைக்கும் 7 நாள் விடுமுறை முதன்முறையாகச் சட்டத்தில் ஏறிற்று. தொண்ணூற்றெட்டுக்கு ஏழு! இவ்விகிதம் அரசாங்கம் மட்டும் எழுதியதன்று. நம் வீடுகளில் நெடுங்காலமாக நாமே எழுதிவைத்தது. ஏழு நாளையும் ஊரார்க்கு விருந்திட்டுக் கழிப்பவன் தந்தையல்லன், விருந்தாளி.

ஆகவே, தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள இளைஞர்களுக்கு நாம் கூறுவது இது. உங்கள் பாட்டி இருளில் மரம் வெட்டிவிட்டு வந்து, பொதுக் குழாயடியில் குனிந்து துவைத்த துணியில்தான் உங்கள் குடும்பம் வளர்ந்தது. அவளுக்குச் செய்யும் நன்றி மாலையும் படமும் அல்ல. இன்றிரவு உங்கள் குழந்தை நனைத்துவிட்டு அழும்போது, பக்கத்தில் படுத்திருப்பவளை எழுப்பாமல் நீங்கள் எழுந்திருங்கள். ஈரத்துணியை எடுத்து, குழந்தையைத் துடைத்து, உலர்ந்ததைக் கட்டுங்கள். ஆண்மைக்கு அதனால் இழுக்கு வந்ததாக எந்தச் சரித்திரத்திலும் எழுதப்படவில்லை.